மகளுக்கு வேதிச் சேர்மங்களின் வாய்பாடு எழுத வரவில்லை: குறுக்கே மாற்றிப் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

சென்னிமலை எழுதியது:

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. போன வாரத் தேர்வில் சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதும் பகுதியில் பத்துக்கு மூன்று வாங்கி வந்தாள். விடைத்தாளை நானும் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தறிக்கு வந்தவன் நான். ஆனாலும் அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

என் போனில் தமிழ் மட்டும்தான் தட்டச்சு செய்ய வரும். அதனால் குறியீடுகளை வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதுகிறேன். ரோமன் எண் வர வேண்டிய இடத்தில் சாதாரண எண் போடுகிறேன்.

மெக்னீசியம் ஆக்சைடுக்கு எம்ஜி2ஓ2 என்று எழுதியிருக்கிறாள். கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு சிஏஓஎச்2. இரும்பு(3) ஆக்சைடுக்கு எஃப்இ3ஓ. மூன்றும் தவறு. அலுமினியம் ஆக்சைடு மட்டும் ஏஎல்2ஓ3 என்று சரியாக வந்திருக்கிறது. "இணைதிறனைக் குறுக்கே மாற்றிப் போடச் சொன்னாங்க, அப்படித்தானே போட்டேன்" என்கிறாள். இன்னொன்றும் கேட்டாள்: "அலுமினியத்துக்கும் மூணு, இரும்புக்கும் மூணு. இரும்பு பேரில் மட்டும் ஏன் மூணு இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் கேட்ட கடைசிக் கேள்வி அருமையான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முப்பது வருடம் இந்தப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவள் செய்த மூன்று தவறும் மூன்று வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வாய்பாட்டில் இருக்கும் எண் எதை எண்ணுகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மெக்னீசியத்திடம் 12 எலக்ட்ரான்கள். இரண்டைக் கொடுத்துவிட்டால் நியானைப் போல 10 ஆகிவிடும். ஆக்சிஜனிடம் 8. இரண்டு வாங்கினால் அதுவும் 10. கொடுத்தவரிடம் இரண்டு நேர்மின்சுமை, வாங்கியவரிடம் இரண்டு எதிர்மின்சுமை. இப்படி மின்சுமை ஏறிய அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். ஒருவர் கொடுத்தது மற்றவர் வாங்கியதற்குச் சரியாகிவிட்டது, கணக்கு முடிந்தது. ஒரு மெக்னீசியத்துக்கு ஒரு ஆக்சிஜன், எம்ஜிஓ.

குளோரினுக்கு ஓர் எலக்ட்ரான்தான் வேண்டும். மெக்னீசியம் கொடுக்கும் இரண்டையும் வாங்க இரண்டு குளோரின் வர வேண்டும். அதனால் எம்ஜிசிஎல்2. அலுமினியம் மூன்று கொடுக்கும், ஆக்சிஜன் இரண்டு வாங்கும். இங்கே கணக்கு உடனே சரியாகாது. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.சி.ம., ஆறு. ஆறு நேர்மின்சுமைக்கு இரண்டு அலுமினியம், ஆறு எதிர்மின்சுமைக்கு மூன்று ஆக்சிஜன். ஏஎல்2ஓ3. கணக்குப் பாடத்தில் படித்த மீ.சி.ம. இங்கே அப்படியே உதவும்.

கொடுக்கும் அல்லது வாங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையைத்தான் இங்கே இணைதிறன் என்கிறோம். அலுமினியத்தின் 3-ஐ ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனின் 2-ஐ அலுமினியத்துக்கும் குறுக்கே மாற்றிப் போட்டாலும் இதே விடை வருகிறது. ஏன் வருகிறது என்று தெரியாமல் மாற்றிப் போட்டால்தான் எம்ஜி2ஓ2 வருகிறது.

அது ஏன் தவறு என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு நேர், இரண்டு எதிர் என்றாலும் மின்சுமை சரியாகத்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அயனிச் சேர்மத்தில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. ஓர் உப்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம், இப்படியே கல் முழுக்க அடுக்கு. "இந்தச் சோடியத்தின் ஜோடி இந்தக் குளோரின்" என்று காட்ட முடியாது. ஆகவே வாய்பாடு என்பது அங்கே விகிதம். விகிதத்தை எப்போதும் சுருக்கித்தான் எழுதுவோம். மெக்னீசியம் ஆக்சைடிலும் இதே அடுக்குதான்.

கால்சியம் ஹைட்ராக்சைடில் வர வேண்டிய அடைப்புக்குறி விஷயத்தை வேறு யாராவது சொல்லுங்கள். கை வலிக்கிறது, மாலையில் வருகிறேன்.

---

வெள்ளையடிப்பு எழுதியது:

அடைப்புக்குறியை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்புக் காளவாய். பள்ளியில் இந்தப் பாடம் வந்தபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது அதனால்தான்.

காளவாயில் வெந்து வருவது சுட்ட சுண்ணாம்பு, கால்சியம் ஆக்சைடு, சிஏஓ. தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். அப்போது அது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் அடித்த பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து இறுகிக் கால்சியம் கார்பனேட் ஆகிறது, சிஏசிஓ3. காளவாயில் போட்ட சுண்ணாம்புக்கல்லே திரும்ப வந்துவிட்டது. இவ்வளவு மாற்றத்திலும் கால்சியத்தின் மின்சுமை இரண்டு நேர் என்பது மாறவே இல்லை.

ஹைட்ராக்சைடு என்பது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாக நடமாடும் அயனி. அந்த மொத்த ஆளுக்கு ஒரே ஓர் எதிர்மின்சுமை. கால்சியத்தின் இரண்டைச் சரிக்கட்ட இரண்டு ஆள் வேண்டும். இரண்டு ஆள் என்று காட்ட, ஆளை அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே 2 போடுகிறோம்: சிஏ(ஓஎச்)2. பாப்பா எழுதிய மாதிரி அடைப்பில்லாமல் விட்டால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்றாகிவிடும். அப்படி ஒரு பொருளே இல்லை.

ஓர் ஆள்தான் என்றால் அடைப்பு தேவையில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு என்ஏஓஎச், அவ்வளவுதான்.

---

டியூஷன்_அண்ணன் எழுதியது:

ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நடைமுறையையும் பாருங்கள். என்னிடம் ஒரு வகுப்புக்கு நாற்பது பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். குறுக்கே மாற்றிப் போடு, பொதுக் காரணி இருந்தால் சுருக்கு, பல்லணு அயனி என்றால் அடைப்புப் போடு. இந்த மூன்று வரியில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். காரணத்தைப் பதினொன்றாம் வகுப்பில் தெரிந்துகொண்டால் போதாதா?

---

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் சிரமம் எனக்கும் தெரியும். நானும் அந்த மூன்று வரியைத்தான் பல வருடம் கரும்பலகையில் எழுதினேன். பிறகு ஒரு மாணவி சோடியம் பெராக்சைடின் வாய்பாட்டைச் சுருக்கி என்ஏஓ என்று எழுதினாள். அதன் வாய்பாடு என்ஏ2ஓ2. நான் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அவள் பயன்படுத்தியிருந்தாள். அவளுக்கு எப்படித் தவறு போடுவது?

பெராக்சைடு என்பது இரண்டு ஆக்சிஜன் தங்களுக்குள் கைகோத்து நிற்கும் அயனி. இருவருக்கும் சேர்த்து இரண்டு எதிர்மின்சுமை. அந்த ஓ2 ஓர் ஆள், அதைப் பிரிக்கக் கூடாது. பாதரசம்(1) குளோரைடும் அப்படித்தான். அங்கே இரண்டு பாதரசம் கைகோத்து நிற்கும், அதனால் எச்ஜி2சிஎல்2 என்றே எழுத வேண்டும், சுருக்கக் கூடாது. "எந்த அயனி, அதன் மின்சுமை என்ன" என்று பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இவை விதிவிலக்கே இல்லை. மூன்று வரியை மட்டும் படித்த பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதிய மனப்பாடம்.

சரி, பாப்பாவின் ரோமன் எண் கேள்வி.

அலுமினியம் அயனியானால் மூன்று நேர்மின்சுமைதான். வேறு வழக்கம் அதற்கு இல்லை. சோடியம், பொட்டாசியம் எப்போதும் ஒன்று. மெக்னீசியம், கால்சியம், பேரியம் எப்போதும் இரண்டு. துத்தநாகம் இரண்டு, வெள்ளி பெரும்பாலும் ஒன்று. இவற்றின் பெயரில் எண் போட்டாலும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, அதனால் போடுவதில்லை. இரும்பு அப்படி இல்லை. ஒரு சேர்மத்தில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. வெறுமனே "இரும்பு குளோரைடு" என்றால் எந்தக் குளோரைடு என்று கேட்பவருக்குத் தெரியாது. எனவே எண் கட்டாயம். தாமிரம், ஈயம், வெள்ளீயம், மாங்கனீசு, குரோமியம் எல்லாமே இந்த ரகம்.

இங்கேதான் பாப்பா சறுக்கினாள். இரும்பு(3) என்பதைப் பார்த்து "மூன்று இரும்பு" என்று எடுத்துக்கொண்டாள். அந்த எண் ஓர் இரும்பின் மின்சுமை. எத்தனை இரும்பு என்பதைப் பெயர் சொல்லாது, நாம்தான் கணக்கிட வேண்டும். மூன்று நேர், இரண்டு எதிர், மீ.சி.ம. ஆறு, எஃப்இ2ஓ3. அலுமினியத்துக்குச் செய்த அதே கணக்கு.

பெயரில் எண் போடும் இந்த முறையை 1919-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் முன்வைத்தார். அதற்கு முன் பெர்ரஸ், பெர்ரிக் என்றுதான் சொன்னார்கள். இரும்புக்கு லத்தீனில் ஃபெரம், குறியீடு எஃப்இ வந்ததும் அங்கிருந்துதான். "அஸ்" என்று முடிந்தால் குறைந்த மின்சுமை, "இக்" என்று முடிந்தால் கூடியது. ஆனால் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று அந்த ஒட்டு சொல்லாது. பெர்ரஸ் இரண்டு, பெர்ரிக் மூன்று. தாமிரத்தில் குப்ரஸ் ஒன்று, குப்ரிக் இரண்டு. வெள்ளீயத்தில் ஸ்டேனஸ் இரண்டு, ஸ்டேனிக் நான்கு. "இக்" என்றால் மூன்று என்று மனப்பாடம் செய்த எத்தனையோ பிள்ளைகள் தாமிரத்தில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

---

மருந்தகம்_திருச்சி எழுதியது:

பழைய பெயர் எங்கள் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையைப் புரட்டினால் பெர்ரஸ் சல்பேட், பெர்ரஸ் அஸ்கார்பேட் என்றுதான் இருக்கும். இரும்பு(2) என்று எங்கும் இருக்காது. அதனால் பிள்ளைகள் இரண்டு பெயரும் தெரிந்துகொள்வது நல்லது.

வாய்பாடு தெரிந்தால் இன்னொன்றும் விளங்கும். பெர்ரஸ் சல்பேட் ஏழு நீர் மூலக்கூறோடு படிகமாகும். அணு எடைகளைக் கூட்டினால் எஃப்இஎஸ்ஓ4 மட்டும் 152, ஏழு நீர் சேர்த்தால் 278. அதில் இரும்பு 56. அதாவது 300 மில்லிகிராம் படிகத்தில் உண்மையான இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் சல்பேட்டும் தண்ணீரும். அட்டையில் "தனிம இரும்பு 60 மி.கி." என்று தனியாக அச்சிடுவதற்கு இதுதான் காரணம். 300 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் பன்னிரண்டாவது படித்தவர், உடனே புரிந்துகொண்டார்.

---

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை என் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தேன், ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை போட வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் வாய்பாடு என்பது எங்களுக்குச் சூத்திரம். இணைதிறன் எங்களுக்கு வலுவளவு. அயனி எங்களுக்கு அயன். ஆக்சிஜன் ஒட்சிசன், கால்சியம் கல்சியம். இதெல்லாம் பெரிய சிக்கல் இல்லை, பார்த்தவுடன் விளங்கிவிடும்.

சிக்கல் சொல்லின் வாலில் இருக்கிறது. சாப்பாட்டு உப்பை நாங்கள் சோடியம் குளோரைட்டு என்று எழுதுவோம். உங்கள் எழுத்தில் அது சோடியம் குளோரைடு. உங்கள் ஊர் மாணவர் ஒருவர் எங்கள் புத்தகத்தில் "குளோரைட்டு" என்று கண்டால் ஆக்சிஜன் உள்ள வேறு அயனி என்று நினைக்க வாய்ப்புண்டு. எங்கள் "சல்பைட்டு" உங்கள் சல்பைடு. உங்கள் "சல்பைட்டு" எங்களுக்குச் சல்பைற்று. சல்பேட் எங்களுக்குச் சல்பேற்று. நாங்கள் வல்லின றகர இரட்டிப்பை வைத்து வேறுபடுத்துகிறோம், நீங்கள் டகரத்தின் ஒற்றை இரட்டையை வைத்து வேறுபடுத்துகிறீர்கள்.

ஆகவே கடல் தாண்டிய குறிப்புகளைப் படிக்கும்போது பெயரோடு நிறுத்தாமல் சூத்திரத்தையும் பாருங்கள். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் என்ஏ2எஸ் என்பது இரண்டு கரையிலும் ஒரே பொருள்.

---

தீப்பெட்டி எழுதியது:

வடமராட்சி அண்ணா சொன்னது மிக முக்கியம். நான் சிவகாசிப் பக்கம். எங்கள் ஊரில் ஒரு வால் மாறினால் பொருளே மாறிவிடும்.

பொட்டாசியம் குளோரைடு, கேசிஎல். உரக்கடையில் பொட்டாஷ் என்று மூட்டையாக வாங்கி வயலில் கையால் தூவுவார்கள். பொட்டாசியம் குளோரேட், கேசிஎல்ஓ3. தீக்குச்சி முனை மருந்தில் சேர்ப்பது. காய்ந்த மருந்தில் லேசான உரசல் போதும், பற்றிக்கொள்ளும். இரண்டிலும் ஒரு பொட்டாசியம், இரண்டு எதிர் அயனிக்கும் மின்சுமை ஒன்றுதான். மூன்று ஆக்சிஜன்தான் வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முறை இது. "ஐடு" என்று முடிந்தால் பெரும்பாலும் ஒற்றைத் தனிமம் எதிர் அயனியாக நிற்கிறது: குளோரைடு, சல்பைடு, நைட்ரைடு. "ஐட்" என்றால் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. "ஏட்" என்றால் அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. சல்பைட்டில் மூன்று ஆக்சிஜன், சல்பேட்டில் நான்கு. நைட்ரைட்டில் இரண்டு, நைட்ரேட்டில் மூன்று. ஹைட்ராக்சைடு, சயனைடு போன்ற சில மட்டும் "ஐடு" என்று முடிந்தும் இரண்டு தனிமம் உள்ளவை, அவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

---

கம்பம்_தோட்டம் எழுதியது:

இதைப் படித்ததும் என் பூச்சிமருந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். திராட்சைக்குப் போர்டோ கலவை அடிக்க மயில்துத்தம் வைத்திருக்கிறேன். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். துத்தம் என்பது காப்பர் சல்பேட், சியுஎஸ்ஓ4, கூட ஐந்து நீர். சல்பேட்டுக்கு இரண்டு எதிர் என்பதால் இங்கே தாமிரம்(2). இது விளங்கியது.

பக்கத்தில் இன்னொரு பொட்டலம், காப்பர் ஆக்சிகுளோரைடு. இதில் சியு2(ஓஎச்)3சிஎல் என்று போட்டிருக்கிறது. இது எந்தக் கணக்கில் வரும்?

---

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

அதே கணக்குதான், பாருங்கள். ஹைட்ராக்சைடு மூன்று ஆள், மூன்று எதிர். குளோரைடு ஓர் ஆள், ஓர் எதிர். மொத்தம் நான்கு எதிர். தாமிரம் இரண்டு. நான்கை இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு. இதுவும் தாமிரம்(2)தான். எதிர் அயனி இரண்டு வகை இருந்தாலும் கூட்டிப் பார்த்தால் தீர்ந்தது.

நேர் அயனி இரண்டு வகை இருந்தாலும் அப்படியே. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் போடும் படிகாரத்தில் ஒரு பொட்டாசியம், ஓர் அலுமினியம், இரண்டு சல்பேட், பன்னிரண்டு நீர். ஒன்றும் மூன்றும் நான்கு நேர், சல்பேட் இரண்டுக்கு நான்கு எதிர். நீருக்கு மின்சுமை இல்லை, கணக்கில் சேராது.

---

சென்னிமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அவளும் உட்கார்ந்து இந்த இழையைப் படித்தோம். நான் வாசிக்க, அவள் நோட்டில் எழுதினாள். நேர் அயனிகளைச் சிவப்பிலும் எதிர் அயனிகளை நீலத்திலும் அட்டையில் வெட்டிக்கொண்டாள். மின்சுமை எத்தனையோ அத்தனை பல் வைத்து வெட்டியிருக்கிறாள், தறியில் பன்னை மாதிரி. பல் மிச்சமில்லாமல் பொருந்தினால் வாய்பாடு சரி. இரும்பு(3) சல்பேட்டை என் முன்னால் பொருத்தி எஃப்இ2(எஸ்ஓ4)3 என்று எழுதிக் காட்டினாள்.

ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். ஈயம்(4) ஆக்சைடு பிபிஓ2 என்று வருகிறது. ஐயா சொன்ன பெராக்சைடைத் தேடிப் படித்ததில் பேரியம் பெராக்சைடு பிஏஓ2 என்று இருக்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, ஒண்ணு ஆக்சைடு, ஒண்ணு பெராக்சைடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்கிறாள். எங்கள் ஊர் பேட்டரிக் கடைக்காரர் வேறு, இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர் தகட்டில் இருப்பது "லெட் பெராக்சைடு" என்று சொன்னாராம்.

---

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

பாப்பாவை நேரில் பார்த்தால் கை கொடுப்பேன்.

பேட்டரிக்காரர் சொல்வது பழைய பெயர், அந்தத் தொழிலில் பல காலமாக அப்படியே வழங்குகிறது. ஆனால் அந்தத் தகட்டில் இருப்பது பெராக்சைடு இல்லை. ஈயத்துக்கு இரண்டு, நான்கு என இரண்டு மின்சுமையும் உண்டு. எனவே பிபிஓ2-இல் தனித்தனியாக நிற்கும் இரண்டு ஆக்சைடுக்கு நான்கு எதிர், ஈயம் நான்கு நேர். அட்டையில் நான்கு பல் சிவப்பு ஒன்று, இரண்டு பல் நீலம் இரண்டு.

பேரியத்துக்கு நான்கு பல் வெட்டவே முடியாது. அது தனிம அட்டவணையில் இரண்டாவது தொகுதி, இரண்டுக்கு மேல் கொடுக்காது. அப்படியானால் அந்த இரண்டு ஆக்சிஜனுக்கும் சேர்த்தே இரண்டு எதிர்தான் கிடைத்திருக்கிறது. ஆகவே அவை கைகோத்துத்தான் இருக்க வேண்டும், அது பெராக்சைடு. நீலத்தில் இரண்டு பல் உள்ள ஒரே அட்டை வெட்டி, அதன் மேல் ஓ2 என்று எழுதச் சொல்லுங்கள்.

பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். பேரியம் பெராக்சைடில் நீர்த்த அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். 1818-இல் பிரான்சில் தெனார் என்ற வேதியியலாளர் அதை முதன்முதலில் செய்தது இந்த வழியில்தான். ஈயம்(4) ஆக்சைடில் அது வராது. பேட்டரிக்குள் அந்தத் தகடு நாள் முழுக்க நீர்த்த கந்தக அமிலத்தில்தானே மூழ்கிக் கிடக்கிறது, பெராக்சைடாக இருந்திருந்தால் தாங்கியிருக்குமா?

அந்த அட்டைகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. டியூஷன் அண்ணன் நாற்பது பேருக்கும் வெட்டிக் கொடுக்கலாம்.

---

டியூஷன்_அண்ணன் எழுதியது:

கட்டாயம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இரண்டு நிறத்தில் சார்ட் அட்டை வாங்கி வைத்துவிட்டேன். கார்பனேட், நைட்ரேட், சல்பேட், ஹைட்ராக்சைடு, பாஸ்பேட் ஐந்துக்கும் நீலத்தில் தலா பத்து வெட்டலாம் என்று இருக்கிறேன். பாஸ்பேட்டுக்கு மூன்று பல்தானே ஐயா?

---

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

மூன்றுதான்.